குழந்தையின் பாதத்துக்கு அறுவை சிகிச்சை: எப்போது, எதற்காக?

பள்ளி திறந்தபோது வாங்கிய காலணிகளை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார் அந்தத் தாய். ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பேருந்து மாறி, கே.கே. நகரில் உள்ள எங்கள் மருத்துவமனைக்குக் கணவருடனும் 11 வயது மகளுடனும் அவர் வந்திருந்தார். ஜூன் மாதத்தில் வாங்கிய காலணிகள் தீபாவளிக்குள் வெளிப்பக்க ஓரம் முழுவதும் தேய்ந்து போயிருந்தன. உட்பக்கமோ புதிது போலவே இருந்தது. சிறுமி அடிக்கடி கால் பிசகி விழுகிறாள் என்றார் தாய். பாதத்தின் நடுப்பகுதி வில்லைப் போல உயர்ந்திருந்தது. குதிகால் உட்புறமாகச் சாய்ந்திருந்தது. விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

“வயசுக்கு வந்த பிறகு ஆபரேஷன்னா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க டாக்டர். இப்பவே காலை நேராக்கிடுங்க” என்றார் தாய்.

அதுவரை பேசாதிருந்த தந்தை தலையை அசைத்தார். “எங்க அக்காவுக்குப் பண்ணின ஆபரேஷனே போதும். இவளுக்கு வேண்டாம்.”

அவருடைய அக்காவுக்கும் இதே பாதங்கள்தாம். 24 வயதில் வேறோர் ஊரில் பாதத்து மூட்டுகளை இணைக்கும் அறுவை நடந்தது. இப்போது நாற்பதுகளின் நடுவில் இருக்கும் அவருக்கு, மாடிப்படி ஏறினால் கணுக்கால் வலிக்கிறது. தந்தைக்கும் அதே பாதங்கள் உண்டு. ஆனால் பாதிப்பு குறைவு. என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறார். அறுவை இல்லாமலே தாம் இவ்வளவு காலம் ஓட்டிவிட்டதாக அவர் சொன்னார்.

இருவருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. எனினும், இந்த அறுவை எதற்காக என்பதை இருவருமே கேட்கவில்லை. அதைத் தெளிவாக்கிக்கொண்டால் எப்போது, எந்த அறுவை என்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மரபுவழி நரம்பு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக அதையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். இங்கே வரும் குடும்பங்கள் நாங்கள் கண்ட பலருடைய நிலைகளைச் சேர்த்து எழுதப்பட்டவை, அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோய் நரம்பில், வளைவு பாதத்தில்

இந்நோய்க்குச் சார்கோ-மேரி-டூத் நோய் என்று பெயர். 1886-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர்கள் ழான் மார்ட்டின் சார்கோ, பியேர் மேரி ஆகிய இருவரும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹோவர்ட் ஹென்றி டூத் என்பவரும் இதனை விவரித்தார்கள். பரிசோதனை அறிக்கையில் ‘டூத்’ என்ற சொல்லைக் கண்டு, பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்பதுண்டு. எந்தத் தொடர்பும் இல்லை. அது ஒரு மருத்துவரின் பெயர். சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. மரபுவழி நரம்பு நோய்களில் மிகப் பரவலானது இதுவே.

முதுகுத்தண்டிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் நரம்புகளை இது பாதிக்கிறது. மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல நரம்பு இழைகளுக்கும் மையலின் என்ற உறை உண்டு. இந்நோயின் மிகப் பரவலான வகையில், 17-ஆவது குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டித்துவிடுவதால் அந்த உறை சரியாக அமைவதில்லை. 1991-இல் இந்தக் காரணம் கண்டறியப்பட்டது. நலமானவர்களின் கை நரம்பில் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அல்லது அதற்கும் அதிக வேகத்தில் செல்லும். உறை பழுதான வகைகளில் அது 38 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். நரம்பு வேகப் பரிசோதனையில் நாங்கள் பார்ப்பது இதைத்தான். எந்த வகை என்பதை உறுதி செய்ய இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை உதவும்.

நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படும் என்பதால் நோய் பாதத்தில் தொடங்குகிறது. கைகளுக்குப் பின்னரே வருகிறது. பரவலான வகையில், பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வேறு சில வகைகளில் தாய் தந்தை இருவரும் நலமாக இருந்தும், இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுப் பிழை குழந்தையிடம் ஒன்றுசேர்ந்துவிடும். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இவ்வகைகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொல்வது எவரையும் குற்றம் சொல்வதற்காக அன்று. அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும் முன் மரபணு ஆலோசனை பெற வேண்டும் என்பதற்காகவே.

வளைவு ஒரு பாதத்தில் மட்டும் இருந்தாலோ, சில மாதங்களுக்குள் வேகமாக அதிகரித்தாலோ, மரபு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதுகுத்தண்டிலும் கோளாறு இருக்கலாம். அத்தகைய குழந்தைகளுக்கு முதுகுத்தண்டின் எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவைப்படும்.

இரண்டு வடங்களும் ஒரு தேரும்

நரம்பு தளர்ந்தால் கால் வலுவிழந்து தொங்கத்தானே வேண்டும், ஏன் வளைகிறது என்று பெற்றோர் கேட்கிறார்கள். எல்லாத் தசைகளும் ஒரே அளவில் வலுவிழப்பதில்லை என்பதே இதற்கு விடை.

தேரை இரண்டு வடங்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு வடத்தில் ஆட்கள் களைத்துப்போனால் தேர் நிற்பதில்லை. மற்ற வடத்தின் பக்கமாகத் திரும்பிவிடும். பாதத்திலும் அவ்வாறே நடக்கிறது. பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பும் தசை வலுவிழக்கிறது. உட்புறமாகத் திருப்பும் தசை வலுவோடு இருக்கிறது. ஆகவே குதிகால் உட்புறம் சாய்கிறது. பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கும் தசை தளர்கிறது. பெருவிரலின் அடிப்பகுதியைக் கீழே அழுத்தும் தசை தளராமல் இருக்கிறது. ஆகவே உள்வளைவு உயர்கிறது. பாதத்துக்குள்ளேயே உள்ள சிறு தசைகள் முதலில் மெலிவதால் விரல்கள் கொக்கி போல் மடங்குகின்றன.

தொடக்கத்தில் இந்த வளைவு நெகிழ்வாக இருக்கும்; கையால் பிடித்தால் பாதம் நேராகும். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் இழுபட்டால் தசைநாண்களும் தசைநார்களும் சுருங்கி இறுகுகின்றன. வளரும் எலும்புகளும் அந்த வடிவத்திலேயே வளர்ந்துவிடுகின்றன. அதன் பின் கையால் பிடித்தாலும் பாதம் நேராகாது. இவ்வாறு நெகிழ்வு போய் இறுக்கம் வரும் காலம் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறுபடும். அறுவை குறித்த முடிவில் குழந்தையின் வயதைக் காட்டிலும் இதுவே முதன்மையானது.

ஒரு மரக்கட்டை சொல்லும் செய்தி

நெகிழ்வை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள மரக்கட்டை ஒன்று போதும். அமெரிக்க மருத்துவர்கள் கோல்மன், செஸ்ட்நட் இருவரும் 1977-இல் விவரித்த சோதனை இது. குழந்தையின் குதிகாலும் பாதத்தின் வெளிப்பக்க ஓரமும் கட்டையின்மேல் இருக்க வேண்டும். பெருவிரலின் அடிப்பகுதி கட்டைக்கு வெளியே கீழிறங்கித் தரையை நோக்கி இருக்க வேண்டும். இப்போது பின்னால் நின்று குதிகாலைப் பார்க்கிறோம். சாய்ந்திருந்த குதிகால் நேரானால், பின்பாதம் இன்னும் நெகிழ்வாக இருக்கிறது என்று பொருள். முன்பாதத்தின் அழுத்தமே அதைச் சாய்க்கிறது. நேராகாவிட்டால் பின்பாதமும் இறுகிவிட்டது என்று பொருள்.

அந்தச் சிறுமியைக் கட்டையின்மேல் நிறுத்தி, பெற்றோர் இருவரையும் பின்னால் வந்து பார்க்கச் சொன்னோம். இடக் குதிகால் முழுவதும் நேரானது. வலக் குதிகால் ஏறத்தாழ நேரானது. தந்தை குனிந்து இரண்டு முறை பார்த்தார். பிறகு, “எங்க அக்காவுக்கு இப்படி நிக்க வெச்சுப் பார்த்தாங்களான்னு தெரியல” என்றார்.

அத்தையின் அறுவையும் சிறுமியின் அறுவையும்

பாத அறுவை என்று ஒரே பெயரில் நாம் குறிப்பிடுவது உண்மையில் பல அறுவைகள். அவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, மென்திசுக்களில் செய்வது. உள்ளங்காலின் இறுகிய சவ்வைத் தளர்த்துவதும், வலுவான தசையின் நாணை வேறிடத்துக்கு மாற்றிப் பொருத்துவதும் இதில் அடங்கும். இரண்டாவது வகை, எலும்பை வெட்டி அதன் திசையைத் திருத்துவது. பெருவிரலின் பின்னுள்ள எலும்பையோ குதிகால் எலும்பையோ வெட்டிச் சரியான நிலையில் பொருத்துவார்கள். இவ்விரண்டிலும் மூட்டுகள் காப்பாற்றப்படுகின்றன. பல குழந்தைகளுக்கு இரண்டும் ஒருசேரத் தேவைப்படும். எலும்பைத் திருத்தாமல் நாணை மட்டும் மாற்றினாலும், நாணை மாற்றாமல் எலும்பை மட்டும் திருத்தினாலும் வளைவு திரும்பி வரக்கூடும்.

மூன்றாவது வகை, பின்பாதத்தின் மூன்று மூட்டுகளை நிரந்தரமாக இணைத்துவிடுவது. இறுகிப்போன பாதத்தைத் தரையில் சமமாக ஊன்றச் செய்ய இது வலிமையான வழி. ஆனால் இணைக்கப்பட்ட மூட்டுகள் பின்னர் அசையா. மேடு பள்ளத்தில் அவை தாங்க வேண்டிய சுமையைக் கணுக்கால் மூட்டு தாங்க நேரிடும். பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே தேய்மானம் வரக்கூடும். அத்தைக்கு நேர்ந்தது இதுதான்.

அமெரிக்காவின் அயோவாவில், நெகிழ்வான பாதத்துக்கு மூட்டுகளைக் காக்கும் அறுவை செய்துகொண்ட 25 பேரின் 41 பாதங்களைச் சராசரியாக 26 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டு இணைப்பு அறுவைக்குப் பின் காணப்படுவதைக் காட்டிலும் தேய்மானமும் மறு அறுவையும் குறைவாக இருந்தன. ஆயினும் மறு அறுவை தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். இதையும் சேர்த்தே பெற்றோரிடம் சொல்கிறோம்.

மூன்றாவது முறை வந்தபோது அவர்களுடன் அத்தையும் வந்திருந்தார். நாங்கள் சொல்லத் தயங்கியதை அவரே தம்பியிடம் சொன்னார். “எனக்குப் பண்ணினது தப்பில்லடா. அப்போ காலோட பக்கவாட்டுலதான் நடந்தேன். புண்ணு ஆறவே இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் பாதத்தை ஊனி நடந்தேன். நான் லேட்டாப் போனதுதான் தப்பு. எல்லாரும் பயந்துக்கிட்டே பத்து வருஷம் ஓட்டிட்டோம்.”

அத்தையின் நிலை மகளுக்கு வந்துவிடக் கூடாது என்று தந்தை அஞ்சினார். ஆனால் அந்த அச்சத்தால் பாதம் இறுகும்வரை காத்திருந்தால், அத்தைக்குச் செய்த அதே அறுவைதான் மகளுக்கும் மிஞ்சும். இதை எத்தனையோ குடும்பங்களில் காண்கிறோம். குடும்பத்தில் ஒருவருக்குச் செய்த அறுவையைப் பார்த்து அடுத்த தலைமுறை முடிவெடுக்கிறது. இருவருடைய பாதங்களும் ஒரே நிலையில் இருந்தனவா என்று யாரும் பார்ப்பதில்லை.

வேலூரும் செங்கல்பட்டும் கற்றுத்தந்தவை

வலுவான தசையின் நாணை வேறிடத்தில் பொருத்துவது புதிய முயற்சியோ என்று சிலர் தயங்குகிறார்கள். இக்கலை தமிழ்நாட்டில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. திருச்சிக்கு அண்மையிலுள்ள கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கு நாண் மாற்று அறுவைகளைச் செய்து உலகின் கவனத்தைப் பெற்றார். தொழுநோயால் தூக்க முடியாமல் தொங்கிய பாதங்களுக்கும், உட்புறம் திருப்பும் தசையின் நாணைப் பாதத்தின் மேற்புறத்துக்குக் கொண்டுவரும் அறுவை செய்யப்பட்டது. செங்கல்பட்டில் பணியாற்றிய டாக்டர் எச். ஸ்ரீநிவாசனும் அவருடைய குழுவினரும், அந்த நாணை இரு கிளைகளாகப் பிரித்துப் பொருத்தும் முறையை 1968-இல் வெளியிட்டார்கள்.

தேர் உவமையில் சொன்னால், ஆட்கள் மிகுந்த வடத்திலிருந்து சிலரைக் களைத்த வடத்துக்கு மாற்றுவது போன்றது இது. மாறிய தசை முன்னிருந்த வலுவில் ஒரு படி குறைந்தே புதிய இடத்தில் வேலை செய்யும். ஆகவே மாற்றப்படும் தசை நல்ல வலுவோடு இருக்கும்போதே செய்வது பயன் தரும்.

ஆனால் இரு நோய்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தொழுநோய்க்கு மருந்து கொடுத்து நோய் அடங்கிய பின் பாதிப்பு பெரும்பாலும் அதே அளவில் நின்றுவிடுகிறது. மரபுவழி நரம்பு நோய் மெதுவாகவேனும் தொடர்கிறது. இன்று சமன்செய்த தசைகள் பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சமன் இழக்கலாம். எனவே ஒரே அறுவையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நாங்கள் உறுதி கூறுவதில்லை.

அறுவை தருவதும் தராததும்

பாதம் தரையில் சமமாக ஊன்றுவதும், கால் பிசகுவது குறைவதும், வெளி ஓரத்தில் காய்ப்பும் புண்ணும் வராமல் இருப்பதும், கடையில் விற்கும் காலணி காலுக்குப் பொருந்துவதும் அறுவையால் கிடைக்கக்கூடிய நன்மைகள்.

நரம்பை அறுவை குணப்படுத்தாது. மெலிந்த கெண்டைக்கால் பருக்காது. மரத்துப்போன தோலில் உணர்ச்சி திரும்பாது. மற்ற குழந்தைகளின் வேகத்தில் ஓடும் ஆற்றல் வராது. தொங்கும் பாதத்தைத் தாங்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் தாங்கி, அறுவைக்குப் பிறகும் சிலருக்குத் தேவைப்படும். நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்தும் இன்று வழக்கத்தில் இல்லை. வைட்டமின் சி பல நாடுகளில் ஆராயப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பி12 குறைபாடு இருந்தாலொழிய ‘நரம்பு ஊசி’யாலும் இந்நோய்க்குப் பயன் இல்லை.

காலை நேராக்கிவிட வேண்டும் என்ற அந்தத் தாயின் விருப்பம் இயல்பானதே. ஆனால் பார்வைக்கு நேராக இருப்பதை மட்டும் இலக்காக வைத்து அறுவை செய்தால், செய்தபின் ஏமாற்றம் மிஞ்சலாம்.

வேண்டாம் என்று நாங்கள் சொன்ன ஒரு சிறுவன்

அதே ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தனர். மாமாவுக்குக் கால் வளைந்துவிட்டது, இவனுக்கு முன்கூட்டியே செய்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். சிறுவனுடைய பாதத்தின் வளைவு குறைவு, அவன் விழுவதில்லை, காய்ப்பு இல்லை, நன்றாக விளையாடுகிறான். குதிகால் தசைநாண் மட்டும் சற்று இறுகியிருந்தது. அவனுக்கு அறுவை வேண்டாம் என்றோம். நாள்தோறும் செய்ய வேண்டிய நீட்சிப் பயிற்சியும், காலணிக்குள் வைக்கும் திண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் போதும் என்றோம். சில குழந்தைகளுக்கு வளைவு குறைவாகவே நின்றுவிடும். தேவை இல்லாத அறுவையும் காலம் கடந்த அறுவையும் குழந்தைக்கு இழப்பையே தரும்.

காத்திருக்கும் முடிவை எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியவை: மாதத்தில் எத்தனை முறை விழுகிறான்? காலணி எந்தப் பக்கம், எவ்வளவு விரைவில் தேய்கிறது? வெளி ஓரத்தில் காய்ப்பு தடிக்கிறதா? கையால் பிடித்தால் பாதம் முன்பு போல் நேராகிறதா? இவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குழந்தை நிற்கும்போது பின்னாலிருந்து குதிகாலைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் மாற்றம் எங்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

குழந்தையிடமும் கேட்க வேண்டும்

முதல் இரண்டு சந்திப்புகளிலும் பெரியவர்களே பேசினோம். சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. அது எங்கள் தவறும்கூட. மூன்றாவது முறை கேட்டோம். நேராக இருக்க வேண்டும் என்றோ ஓட வேண்டும் என்றோ அவள் சொல்லவில்லை. “ஃப்ரெண்ட்ஸோட நடந்து ஸ்கூலுக்குப் போகணும். வழியில விழக் கூடாது. எனக்காக அவங்க நிக்கிறது பிடிக்கல” என்றாள். மாவுக்கட்டோடு பள்ளிக்கு வர விடுவார்களா என்றும், மயக்க ஊசி வலிக்குமா என்றும் கேட்டாள்.

விழாமல் நடப்பது என்ற அவளுடைய இலக்கு, அறுவையால் பெரும்பாலும் எட்டக்கூடியது. சில குழந்தைகள் சொல்லும் இலக்கு அறுவையால் எட்ட முடியாததாக இருக்கும். அதை முன்பே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. புரிந்துகொண்டு சம்மதிக்கும் குழந்தை, அறுவைக்குப் பிந்தைய பயிற்சிகளிலும் நன்கு ஒத்துழைக்கிறது.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

1. என் குழந்தையின் பாதம் நெகிழ்வாக இருக்கிறதா, இறுகிவிட்டதா? மரக்கட்டைச் சோதனையை எங்களுக்குக் காட்ட முடியுமா?

2. இந்த அறுவையின் நோக்கம் என்ன? எந்தெந்தத் தசைநாண், எந்த எலும்பு? மூட்டு எதையாவது இணைக்கிறீர்களா? ஆம் எனில், வேறு வழி ஏன் இல்லை?

3. ஆறு மாதமோ ஓர் ஆண்டோ காத்திருந்தால் எதை இழப்போம்?

4. இரு பாதங்களையும் ஒரே நேரத்தில் செய்வதா, தனித்தனியாகவா?

5. மாவுக்கட்டு எத்தனை வாரம்? எப்போது கால் ஊன்றலாம்? பின்னர் தாங்கி தேவைப்படுமா?

6. பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு உண்டா?

7. முதுகெலும்பின் வளைவையும் இடுப்பு மூட்டையும் கைகளின் வலுவையும் பரிசோதித்துவிட்டீர்களா?

மயக்க மருந்து நிபுணரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு எந்த நோய்க்காகச் சிகிச்சை பெற்றாலும் சொல்லுங்கள். புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து இந்நோயாளிகளின் நரம்புகளைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெற விரும்பினால் தயங்காதீர்கள். இவ்வகை அறுவையில் ஓரிரு மாதங்கள் தாமதிப்பதால் தீங்கு நேருவது அரிது; ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதே தீங்கு.

வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

அறுவைக்குப் பின் பொதுவாக ஆறு வாரம் மாவுக்கட்டு இருக்கும். அதன்பின் சில வாரங்கள் தாங்கியுடன் நடக்க வேண்டியிருக்கும். முழுப் பயனை அறிய ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகலாம். உணர்ச்சி குறைந்த கால் என்பதால், மாவுக்கட்டுக்குள் புண் வந்தாலும் குழந்தைக்கு வலி தெரியாமல் போகலாம். கெட்ட வாடை, கசிவு, காய்ச்சல், விரல்களின் நிறமாற்றம், வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே வாருங்கள். கைகளிலும் வலுக் குறைவு இருந்தால் ஊன்றுகோல் பிடிப்பது கடினம். நடைச்சட்டமோ சக்கர நாற்காலியோ முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். தரையில் அமரும் வழக்கமும் இந்திய வகைக் கழிப்பறையும் உள்ள வீடுகளில், கழிப்பறை நாற்காலி ஒன்று இல்லாமல் அந்த ஆறு வாரம் துன்பமாகிவிடும்.

நம் வீடுகளில் காலணியை வாசலிலேயே கழற்றிவிடுகிறோம். காலணிக்குள் அணியும் தாங்கி இதனால் பாதி நாள் பயனின்றிக் கிடக்கிறது. வீட்டுக்குள் மட்டும் அணிய ஒரு சுத்தமான காலணி வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலுடன் நடந்தால், உணர்ச்சி குறைந்த பாதம் வெந்து கொப்பளித்த பின்னரே தெரியவரும். காலையிலோ மாலை சாய்ந்த பிறகோ சென்று வாருங்கள். இரவு உறங்கும் முன் குழந்தையின் உள்ளங்காலைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்று காப்பீட்டு உதவி மேசையில் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட 21 வகைகளுள் இயக்கக் குறைபாடும் நாட்பட்ட நரம்பியல் நோய்களும் அடங்கும். பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று மருத்துவக் குழு சான்றளித்தால் அரசின் பல சலுகைகளைப் பெறலாம்.

அவர்கள் எடுத்த முடிவு

அந்தக் குடும்பம் உடனே சம்மதிக்கவில்லை, நாங்களும் நெருக்கவில்லை. ஆறு மாதம் பயிற்சியும் தாங்கியும் தொடர்ந்தன. சிறுமி விழுவது நிற்கவில்லை. ஆறாம் மாதச் சோதனையில் வலக் குதிகால் முன்னைவிடக் குறைவாகவே நேரானது. தந்தை அதைத் தாமே கண்டார். கோடை விடுமுறையில் வலப் பாதத்துக்கு அறுவை செய்ய ஒப்புக்கொண்டார். இரு கால்களிலும் வலுக் குறைவுள்ள குழந்தைக்கு ஒரு காலாவது ஊன்ற இருக்க வேண்டும் என்பதால், இடப் பாதத்துக்கு அடுத்த ஆண்டுதான் செய்தோம். எந்த மூட்டையும் இணைக்கவில்லை.

இப்போது இரண்டாவது அறுவை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் தோழிகளுடன் நடந்து பள்ளிக்குச் செல்கிறாள். விழுவது மிக அரிது. நெடுந்தூரம் நடக்க வேண்டிய நாள்களில் தாங்கி அணிகிறாள். வேகமாக ஓட முடிவதில்லை. இடக் காலின் இரண்டு விரல்கள் மீண்டும் சற்று மடங்கத் தொடங்கியுள்ளன. பின்னாளில் அவற்றுக்குச் சிறு அறுவை தேவைப்படலாம். அதை அவளிடமே சொல்லியிருக்கிறோம். சென்ற முறை வந்தபோது தந்தை தம்முடைய பாதங்களையும் காட்டி, கட்டையின்மேல் தாமும் நின்று பார்க்கலாமா என்று கேட்டார். நின்றார். அவருக்கு அறுவை தேவைப்படவில்லை. காலணிக்குள் திண்டு வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

உங்கள் குழந்தைக்கு இத்தகைய பாதம் இருந்தால், அச்சத்தாலோ அவசரத்தாலோ முடிவெடுக்க வேண்டாம். பாதம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகளையும், குடும்பத்தில் இதே பாதமுள்ளவர் எவரேனும் இருந்தால் அவரையும் உடன் அழைத்து வாருங்கள். தேய்ந்த காலணிகளைத் தூக்கி எறிந்துவிடாமல் அவற்றையும் எடுத்து வாருங்கள்.